தேர்ட் குரூப்பிலிருந்து இயற்பியலுக்கு: வேலைக்குப் போனபின் மறுபடி கல்லூரியில் அறிவியல் படிக்க முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூவில் தேர்ட் குரூப், அப்புறம் பி.காம்., அப்புறம் சில வருஷங்கள் ஆடிட்டர் ஆபீஸிலோ வங்கியிலோ வேலை. இதற்கெல்லாம் பிறகு, "எனக்கு இயற்பியல் படிக்கணும், கல்லூரியில் சேர்ந்து முறையாகப் படிக்கணும், நடக்குமா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து படிக்கும் பெரியவர்களுக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். நடக்கும். ஆனால் எதை முதலில் செய்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம்.

பெரும்பாலானவர்கள் முதலில் கல்லூரியைத் தேடுகிறார்கள். எப்படியோ ஒரு சீட் கிடைத்துவிட்டால் பாடத்தை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். உள்ளே போனால் முதல் மாதமே வகைக்கெழு (டெரிவேட்டிவ்) கரும்பலகைக்கு வந்துவிடும், அது என்னவென்று நின்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது, பக்கத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பையன் அதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே போட்டுப் பழகியிருப்பான். பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களிடம் பேசினால் இயற்பியல் புரியவில்லை என்று சொல்வார்கள். கொஞ்சம் தோண்டிக் கேட்டால், புரியாமல் போனது கணக்கு. அதனால் என் வழி இது: விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வருஷம் முன்பே கணக்கைத் தொடங்குங்கள், வேலையை விடாமல், வீட்டில் இருந்தபடியே.

இங்கே இயற்பியலை வைத்து எழுதுகிறேன். வேதியியலுக்கும் இந்த வரிசை பெரும்பாலும் பொருந்தும். உயிரியல் பக்கம் போகிறவர்களுக்குத் தொடக்கத்தில் கணக்கின் பாரம் குறைவு, வேதியியலின் பாரம் கூடுதல்.

படி 1: எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

கருந்துளை, பிரபஞ்சத்தின் தொடக்கம், குவாண்டம் என்று ஏதோ ஒன்று உங்களை இழுத்திருக்கும். நல்லது. ஆனால் வானியல் படிக்க ஆசைப்பட்டால்கூட நம் ஊரில் அதற்கான பாதை இயற்பியல் பட்டம் வழியாகத்தான் போகிறது, அந்தப் பட்டத்தின் முதல் இரண்டு வருஷத்தில் நீங்கள் பார்க்கப்போவது கருந்துளையை இல்லை. பருப்பொருளின் பண்புகள், ஒலியியல், வெப்பம், ஒளியியல், மின்னியல் இவைதான். கம்பி எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு திரும்பும் என்று ஆய்வகத்தில் அளந்துகொண்டிருப்பீர்கள். குவாண்டம் இயக்கவியல், அணுக்கருவியல், திண்மநிலை இயற்பியல் எல்லாம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் வரும். இந்த நீண்ட முன்பகுதியும் பிடித்திருந்தால் மட்டும் பட்டத்துக்குப் போங்கள். ஆர்வத்துக்காகத் தெரிந்துகொண்டால் போதும் என்றால் கீழே சொல்லப்போகும் வீட்டுப் படிப்பும் இலவச வகுப்புகளுமே உங்களை வெகுதூரம் கொண்டுபோகும். அதில் குறைவு எதுவும் இல்லை.

சம்பளம் கூடும் என்ற ஒரே எண்ணத்தில் வருவதாக இருந்தால் யோசியுங்கள். பி.எஸ்சி. இயற்பியல் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒரு அக்கவுண்டன்ட் வாங்கும் சம்பளத்தைப் பிடிப்பது கடினம். ஆசிரியர் பணிக்கு மேலே பி.எட். வேண்டும், ஆராய்ச்சிக்கு எம்.எஸ்சி.யும் அதற்கு மேலும் வேண்டும். மொத்தக் கணக்கையும் வருஷங்களாகப் போட்டுப் பாருங்கள்.

எட்வர்ட் விட்டனை எடுத்துக்காட்டிப் பேசுபவர்கள் உண்டு. வரலாற்றில் இளங்கலை முடித்தவர், 1976-இல் பிரின்ஸ்டனில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார், 1990-இல் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். உண்மைதான். ஆனால் அவருடைய அப்பா ஈர்ப்பு விசையை ஆராய்ந்த இயற்பியலாளர், கணக்கு அவருக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் கிடைத்துவிட்டது. பட்டம் எதில் வாங்கினார் என்பதைவிட அதுதான் நமக்குப் பாடம்.

படி 2: உங்கள் சான்றிதழை வைத்து எங்கே சேரலாம் என்று பாருங்கள்

இந்தப் படியில் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு விதிமுறைப் புத்தகத்தைப் படிக்கிற மனநிலையில் உட்காருங்கள்.

பி.காம். இருக்கிறதே, நேராக எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் போகலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2025-இல் கொண்டுவந்த விதிமுறைகள், அந்தப் பாடத்துக்கான தேசிய அளவிலான அல்லது பல்கலைக்கழக அளவிலான நுழைவுத் தேர்வில் தேறினால், முன்பு என்ன பிரிவு படித்திருந்தாலும் வேறு பிரிவில் சேரலாம் என்று இளங்கலைக்கும் முதுகலைக்கும் வழி விட்டிருக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டின் இளங்கலைத் தேர்விலும் 2025-லிருந்து பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் எடுத்து எழுதலாம். இதைச் செய்தியில் பார்த்துவிட்டு நிறையப் பேர் துள்ளினார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகம் தன் கையேட்டில் "பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும்" என்று எழுதி வைத்திருந்தால் அங்கே அந்த வரிதான் செல்லும். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை எந்தப் பட்டம் படித்தவர் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், வயது வரம்பு கிடையாது. ஆனால் சீட் கொடுக்கும்போது இளங்கலையில் இயற்பியலும் கணிதமும் இத்தனை செமஸ்டர் படித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் கேட்கும். விதி இடம் கொடுத்தாலும், பி.எஸ்சி. பாடங்களைப் படிக்காமல் எம்.எஸ்சி. வகுப்பில் போய் உட்காருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆக, பி.எஸ்சி. அதற்கு பிளஸ் டூவில் அறிவியல் இல்லையென்றால் என்ன செய்வது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ், இருக்கிறது. மேல்நிலைப் படிப்புக்கு அங்கே உச்ச வயது கிடையாது. ஏற்கெனவே பிளஸ் டூ முடித்தவர்கள், தேவையான பாடங்களை மட்டும், அதிகபட்சம் நான்கு வரை, பகுதிச் சேர்க்கை என்ற முறையில் எடுத்து எழுதலாம். இயற்பியல், கணிதம், வேதியியல் மூன்றும் உங்களுக்கு வேண்டும். பொதுத்தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பரிலும் நடக்கும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பகுதிச் சேர்க்கையில் கிடைப்பது அந்தப் பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியல்தான், புதிய பிளஸ் டூ சான்றிதழ் கிடையாது. பழைய சான்றிதழையும் இந்தப் பட்டியலையும் சேர்த்து வைத்து ஏற்றுக்கொள்வார்களா என்பதை, நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கல்லூரி ஆபீஸில் "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார், வாங்க" என்று வாயால் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். வேறு வாரியத்தில் படித்தவர்களுக்குத் தகுதிச் சான்று என்று ஒன்று தனியாகக் கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. மாற்றுச் சான்றிதழும் அப்படித்தான்: பழைய கல்லூரியில் வாங்கிய டி.சி. எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள்.

வேலையை விடவே முடியாது என்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, இருக்கிறது. அங்கேயும் பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் அறிவியல் கேட்பார்கள். மூன்றாண்டுப் படிப்பை ஆறு ஆண்டு வரை நீட்டி முடிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆய்வக வகுப்புகளுக்கு நேரில் போக வேண்டும், அவை சில நாட்கள் தொடர்ச்சியாக நடக்கும், அதற்கு ஆபீஸில் லீவு சேர்த்து வைக்க வேண்டும். வேறு எந்தத் தொலைநிலைப் படிப்பாக இருந்தாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விக் குழுமத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் சேரக் கூடாது.

சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். படிப்பையும் பலர் கேட்கிறார்கள். டேட்டா சயின்ஸ் படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ எந்தப் பிரிவில் முடித்திருந்தாலும் போதும். நான்கு வாரப் பாடம் படித்து அதன் முடிவில் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். நல்ல படிப்பு, புள்ளியியலும் கணக்கும் உருப்படியாக இருக்கும், ஆனால் அது இயற்பியல் ஆகாது. அவர்களே நடத்தும் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் படிப்புக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும்.

படி 3: உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது என்று சோதியுங்கள்

ஒரு வெள்ளைத்தாள், பேனா. கால்குலேட்டர் வேண்டாம், போனைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டுங்கள். 30 டிகிரி சாய்வுள்ள 10 மீட்டர் நீளப் பலகையின் மேல்முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம்? இரண்டின் எத்தனையாவது அடுக்கு 32? சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது என்றால், அங்கிருந்து ஒளி வர எத்தனை நொடி? கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள், 17,190 ஆண்டுகளுக்குப் பிறகு எவ்வளவு பங்கு மிஞ்சும்? கடைசியாக, அ, ஆ என்ற இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால், மொத்தத்தின் தலைகீழ் மதிப்பு, தனித்தனி தலைகீழ் மதிப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம். அப்படியானால் மொத்தத் தடைக்கு அ, ஆ இரண்டையும் வைத்து ஒரு வாய்பாடு எழுதுங்கள்.

விடைகள்: 7/12, 5 மீட்டர், 5, 500 நொடி, எட்டில் ஒரு பங்கு. கடைசியில் அ-வையும் ஆ-வையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

எல்லாம் தடுமாறாமல் வந்தால் பதினொன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கலாம். கடைசிக் கேள்வியில் மட்டும் கை நின்றால் பத்தாம் வகுப்பு இயற்கணிதம். முதல் கேள்வியிலேயே யோசிக்க வேண்டியிருந்தால் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, பின்னத்தைத் தினமும் தொடாமல் பத்து வருஷம் இருந்தால் யாருக்கும் மறக்கும். எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கியவர்கள் பின்னால் வேகமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன், நடுவில் குதித்து ஏறியவர்கள்தான் அடிக்கடி நின்றுவிடுகிறார்கள்.

படி 4: கணக்குக்கு ஒரு முழு வருஷம்

தமிழ்நாடு பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன, தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும். இரண்டையும் இறக்குங்கள். ஒரே பாடம், ஒரே கணக்கு இரண்டிலும் இருப்பதால், தமிழில் படித்துப் புரிந்துகொண்டு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டால், கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கும்போது திணற மாட்டீர்கள். இந்தப் புத்தகங்களை விட்டுவிட்டு முதல் நாளே நுழைவுத் தேர்வுக்கான தடித்தடிப் புத்தகங்களை வாங்க வேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் பின்னம், அடுக்குகள், விகிதம். அப்புறம் இயற்கணிதம்: ஒரு சமன்பாட்டில் எந்த எழுத்தைக் கேட்டாலும் அதைத் தனியாகப் பிரித்து எடுக்கும் வரை விடாதீர்கள், இயற்பியலில் பாதி வேலை இதுதான். அடுத்து முக்கோணவியல். அதற்கடுத்து சார்புகளும் வரைபடங்களும், மடக்கையோடு. அப்புறம் வெக்டர். பிறகு எல்லை, வகையிடல், தொகையிடல். கடைசியாக வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண்கள், அணிகள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களில் இவை எல்லாம் உண்டு. சேர்ப்பியல், நிகழ்தகவு போன்றவற்றை முதல் சுற்றில் தள்ளி வைக்கலாம், என்ஐஓஎஸ் தேர்வுக்குப் படிக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்ட் குரூப்பில் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அதில் வகையிடலும் தொகையிடலும் அணிகளும் இருந்தன. இறுதிநிலைச் செலவு என்று நீங்கள் போட்ட கணக்கெல்லாம் வகைக்கெழுதான். செலவுக்குப் பதில் தூரம், உற்பத்திக்குப் பதில் நேரம் என்று மாற்றினால் அதுவே திசைவேகம். முழுக்கப் புதிதாக ஒன்றையும் தொடங்கவில்லை நீங்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும்? வேலை நாட்களில் ஒன்றரை மணி, ஞாயிறு நான்கு மணி. காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் என்றால் இன்னும் நல்லது, ராத்திரி பத்து மணிக்கு மேல் தொகையிடல் ஏறாது. அந்த ஒன்றரை மணியில் பாடம் படிப்பது அரை மணிக்கு மேல் போகக் கூடாது. மிச்ச நேரம் பயிற்சிக் கணக்கு. எடுத்துக்காட்டை விடையோடு பார்த்தால் எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும், புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை வெறும் தாளில் போட்டுப் பாருங்கள், எங்கே கை நிற்கிறதோ அதுதான் உங்களுக்குத் தெரியாத இடம். அந்த இடத்தைத் தேதியோடு ஒரு தனி நோட்டில் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுங்கள். வீடியோ பார்ப்பதைப் படிப்பாகக் கணக்கு வைக்காதீர்கள். கான் அகாடமி நல்லது, அங்கேயும் பயிற்சிகளைப் போட்டால்தான் நல்லது.

கணக்கில் ஒரு வாரம் முழுக்கச் சிக்கிக்கொள்வீர்கள். பெரும்பாலும் எல்லை வரும்போதோ, சங்கிலி விதியின்போதோ. அந்த நேரத்தில் கேட்க ஒரு ஆள் வேண்டும், ஊரில் பிளஸ் டூ டியூஷன் எடுக்கும் கணக்கு ஆசிரியர் போதும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், உங்கள் சந்தேகப் பட்டியலோடு போய் உட்காருங்கள். முழு டியூஷன் வேண்டாம், சந்தேகம் தீர்க்க மட்டும் என்று சொன்னால் பலர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

படி 5: நான்காம் மாதத்திலிருந்து இயற்பியலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

முக்கோணவியல் முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைத் திறக்கலாம். முதல் பாடமே அளவீட்டியல், அதைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அலகுகளும் பரிமாணப் பகுப்பாய்வும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு கணக்கை எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் பிரேக் போடுகிறது, வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கும்? முதலில் அலகு. 72,000 மீட்டரை 3,600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 20 மீட்டர். நொடிக்கு 5 குறைந்தால் 4 நொடியில் நிற்கும். வேகம் 20-லிருந்து 0 வரை சீராகக் குறைவதால் சராசரி 10, ஆக 40 மீட்டர். விடை வந்துவிட்டது, பெரும்பாலானவர்கள் இங்கே அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், 36 கிலோமீட்டர். இப்போது 2 நொடி, சராசரி 5, வெறும் 10 மீட்டர். வேகம் பாதியானால் தூரம் கால்வாசி! ஏன் என்று யோசித்தால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்ற இடத்துக்கு நீங்களே வந்து சேர்வீர்கள், அது இன்னும் இரண்டு பாடம் தள்ளித்தான் புத்தகத்தில் வருகிறது. அப்புறம், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால்? முதல் பஸ்ஸுக்கு 60 மீட்டர், இரண்டாவதுக்கு 20. வேகம், நேரம் வரைபடத்தை இரண்டுக்கும் வரைந்து, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு அந்தத் தூரம்தானா என்று பாருங்கள். தொகையிடலை நீங்கள் அப்போதே செய்துவிட்டீர்கள். இப்படி ஒரு கணக்கில் அரை மணி நேரம் செலவழிப்பது, சூத்திரத்தில் எண்ணைப் போட்டு இருபது கணக்கு முடிப்பதைவிட மேல்.

பிளஸ் டூ பாடம் தாண்டி ஆழமாகப் பார்க்க என்பிடெல் வகுப்புகள் உண்டு. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பதிவு செய்து பார்க்கக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் ஊசல், மின்சுற்று, அலை எல்லாவற்றையும் திரையில் நகர்த்திப் பார்க்கும் இலவச உருவகப் பயிற்சிகள் இருக்கின்றன, கருத்து பிடிபடாதபோது கைகொடுக்கும்.

படி 6: வீட்டிலேயே அளந்து பழகுங்கள்

பெரியவர்கள் கல்லூரிக்குத் திரும்பும்போது அதிகம் பயப்படுவது ஆய்வகத்தைப் பார்த்துத்தான், ஏனென்றால் கருவியைத் தொட்டதே இல்லை. ஒரு நூல், ஒரு சின்னப் பூட்டு, தையல்காரர் டேப், போனில் ஸ்டாப்வாட்ச். இவை போதும் தொடங்க.

பூட்டை நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை சரியாக ஒரு மீட்டர். பூட்டின் மேல்விளிம்பு வரை அளந்தால் இரண்டு சென்டிமீட்டர் தப்பும், அதாவது இரண்டு சதவீதப் பிழை, ஆரம்பிக்கும் முன்பே. லேசாக இழுத்து விடுங்கள், பெரிய கோணம் வேண்டாம். ஒரே ஒரு அலைவை அளந்தால் ஏறக்குறைய 2 நொடி வரும். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 நொடி முன்பின் ஆனால் அது பத்து சதவீதம், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது நேரத்தின் இருமடி வருவதால் பிழை இருபது சதவீதத்துக்குப் போய்விடும். 9.8 வர வேண்டிய இடத்தில் 8-ம் வரலாம், 12-ம் வரலாம். இப்போது இருபது அலைவுகளைச் சேர்த்து அளங்கள், 40 நொடி. அதே 0.2 நொடித் தடுமாற்றம் இங்கே அரை சதவீதம்தான், முடுக்கத்தில் ஒரு சதவீதம். ஆய்வகத்தில் ஏன் இருபது அலைவு எண்ணச் சொல்கிறார்கள் என்பது இதுதான். பல பிள்ளைகள் மூன்று வருஷமும் காரணம் தெரியாமலே எண்ணுகிறார்கள்.

நூலின் நீளத்தை 40 சென்டிமீட்டரிலிருந்து பத்துப் பத்தாக ஒரு மீட்டர் வரை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அலைவு நேரத்தின் இருமடியை வரைபடத்தாளில் குறியுங்கள். நேர்கோடு வரும். நீளத்தை மீட்டரில் வைத்தால் அதன் சாய்வு ஏறக்குறைய 4. அந்தச் சாய்வால் 39.5-ஐ (ஊசல் வாய்பாட்டில் வரும் 4π²) வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். நேர்கோடு நூல் நீளம் பூஜ்ஜியம் ஆகும் இடத்தில் சரியாக மூலப் புள்ளிக்கு வராமல் கொஞ்சம் தள்ளி வெட்டினால், நீளத்தை எங்கே தப்பாக அளந்தீர்கள் என்பதை வரைபடமே சொல்லிவிடும். இந்த ஒரு சோதனையை ஒழுங்காகச் செய்து, பிழைக் கணக்கோடு இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்கப்போகும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு அதிலேயே பதில் இருக்கும்.

படி 7: கல்லூரி, நேரம், பணம்

நேரடிக் கல்லூரி என்றால் ஷிப்ட் பாருங்கள். பல அரசு கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிப்ட் உண்டு. காலையில் பாதி நாள் வேலை செய்துவிட்டுப் போக முடிகிறவர்களுக்கு அது தோது. 75 சதவீத வருகைப்பதிவு என்பது விளையாட்டில்லை, குறைந்தால் ஹால் டிக்கெட் நிற்கும். அரசு கல்லூரிக் கட்டணம் சிறியது, பெரிய செலவு நீங்கள் இழக்கப்போகும் சம்பளம்தான். அதனால் வேலையை விடுவதாக இருந்தால் கணக்கு வருஷம் முடிந்து, என்ஐஓஎஸ் முடிவும் வந்து, சேர்க்கைக் கடிதமும் கையில் கிடைத்தபின் விடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

சேர்க்கைக்கு வயது வரம்பு இருக்கிறதா என்று அந்தந்த வருஷ அறிவிப்பில் பாருங்கள். கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிறமாலைமானிகள் வேலை செய்கின்றனவா, ஒரு கருவிக்கு எத்தனை பேர், நூலகத்தில் புத்தகத்தை மாணவர்களே கை நீட்டி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். துறையில் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் உங்கள் பின்னணியை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். முப்பது வயதில் ஆசையோடு வரும் மாணவரைப் பிடிக்காத ஆசிரியர் குறைவு.

வீட்டில் இருப்பவர்களிடம் தெளிவாகப் பேசுங்கள். எந்த மணியில் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள் என்பதை முன்பே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

படி 8: முதல் செமஸ்டர்

பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் கோர்ஸ் வைத்தால் தவறாமல் போங்கள். இயற்பியலோடு துணைப்பாடமாகக் கணிதமும் வேதியியலும் வரும். தேர்ட் குரூப்பிலிருந்து வருகிறவர்களை உண்மையில் கவிழ்ப்பது இந்தத் துணைப்பாட வேதியியல்தான், ஏனென்றால் அதற்கு யாரும் தயாராகி வருவதில்லை. தனிம வரிசை அட்டவணை, வேதிப்பிணைப்பு, மோல் கணக்கு, கரிம வேதியியலில் பெயரிடும் முறை, இவ்வளவையாவது பிளஸ் ஒன் புத்தகத்திலிருந்து சேருவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

அகமதிப்பீடு பெரும்பாலும் 25 மதிப்பெண், அதை விடக் கூடாது. அப்சர்வேஷன் நோட்டில் அளவுகளை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், ரெகார்டை அந்த வாரமே முடியுங்கள். குவித்து வைத்தால் செமஸ்டர் கடைசியில் படிக்க வேண்டிய இரவுகள் எல்லாம் படம் வரைவதிலேயே போகும். ஒரு அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது, ஆனால் அது கணிதத்தில் விழுந்திருந்தால் அடுத்த செமஸ்டருக்குக் காத்திருக்காமல் அன்றே எடுத்துப் படியுங்கள், மேலே வரும் மின்காந்தவியலும் குவாண்டமும் அதன்மேல்தான் நிற்கின்றன.

வகுப்பில் பிள்ளைகள் உங்களை அண்ணா என்றோ அக்கா என்றோ கூப்பிடுவார்கள். அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவர்களுக்கு வகையிடலில் வேகம் இருக்கும், உங்களுக்கு உட்கார்ந்து முடிக்கும் பழக்கம் இருக்கும். இரண்டு பக்கமும் லாபம்.

படி 9: பட்டத்துக்குப் பிறகு

மேலே போவதாக இருந்தால் ஜாம் தேர்வுதான் பெரிய வழி. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண், பிப்ரவரியில் நடக்கும். ஐஐடிகளின் எம்.எஸ்சி.க்கு மட்டுமில்லாமல் ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அதன் மதிப்பெண் உதவும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் போன்ற ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஜெஸ்ட் தேர்வு உண்டு. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கொடுக்கும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இருந்தால் ஆராய்ச்சி உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும், வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு அது பெரிய விஷயம். ஜாம் எழுதுவதாக இருந்தால் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்து, நேரம் வைத்துப் போடத் தொடங்கிவிடுங்கள். அந்தத் தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.